வலிக்காத கால்

"இன்னொரு வாட்டி சொல்லு."

"நைனா, இன்னும் பல்லுகூட வெளக்கல."

"வெளக்கிகினே சொல்லு. நீ ஏம்மா டாக்டர் ஆவணும்னு நெனைக்கறேன்னு அவங்க கேக்கறாங்க. நீ இன்னா சொல்லுவே?"

கிணற்றடியில் நின்றிருந்த தமயந்தி பற்பொடியைத் துப்பிவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களை ஒப்பித்தாள். என் தாயார் மஞ்சள் காமாலையில் இறந்தார். தகுந்த வைத்தியம் கிடைக்கவில்லை. அன்றைக்கே ஏழைகளுக்குச் சேவை செய்வதென்று முடிவெடுத்தேன்.

துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அரக்கோணம் ரயில்வே பணிமனையில் பிட்டராக இருக்கும் அவருக்கு அந்த ஆங்கிலம் முழுக்கப் புரிந்தது என்று சொல்ல முடியாது. பணிமனையின் தலைமை குமாஸ்தா ராஜகோபாலிடம் எழுதி வாங்கிய வாக்கியங்கள் அவை. ஆனால் மகளின் குரல் எங்கே இறங்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அம்மான்னு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்து. அவங்க மனசுல படட்டும்."

பத்து நாளாக இந்த வீட்டில் இதே பேச்சுதான். தமயந்தி வேலூரில் விடுதியில் தங்கி பி.யூ.சி. முடித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்கு வரச்சொல்லிச் சென்னையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. நாளை வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு நேர்முகம். திருத்தணியில் அவர்கள் தெருவிலிருந்து இதற்கு முன்னால் ஒரு பெண்ணும் இப்படியொரு கடிதம் வாங்கியதில்லை. வள்ளிநாயகி மட்டும் உயிரோடு இருந்திருந்தால், என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போவது துளசிங்கத்தின் வழக்கமாகிவிட்டது. மனைவி போய் ஆறு வருஷம்.

தாயின் சாவு பொய்யில்லை. வைத்தியம் கிடைக்காமல் போனதும் பொய்யில்லை. ஆனால் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் தாய் சாவதற்கு ஒரு வருஷம் முன்பே தமயந்திக்கு வந்துவிட்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே, அந்த மூன்று வாக்கியங்களை ஒப்பிக்கும்போதெல்லாம் அவள் நைனாவின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"நாளைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன். அத்தொட்டு இன்னிக்கு வேலைக்குப் போயே ஆவணும்," என்று துளசிங்கம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டார். "அக்கா வர்றா. அவங்க கூட மலைக்குப் போயிட்டு வா. வெயில்ல ரொம்ப அலையாதே. தொண்டை கட்டிகிச்சின்னா நாளைக்குப் பேச்சு வராது."

அன்று ஆடிக் கிருத்திகை. தெருவில் விடியற்காலையிலிருந்தே காவடிகள் போய்க்கொண்டிருந்தன. மஞ்சள் துணி கட்டிய கூட்டம், உடுக்கை, தவில், அரோகரா. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் பாடிக்கொண்டு போனார்கள். இந்த இரைச்சலில் உட்கார்ந்து தன்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது என்று தமயந்திக்குத் தெரியும். உட்காரவே முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு முறை நடந்தாள்.

எட்டு மணிக்கு அக்காள் வீட்டார் வந்து சேர்ந்தார்கள்.

சந்திராவைப் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் மணவாளன் நாலு விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவன்; அதிகம் பேசமாட்டான். அவன் தோளில் பதினோரு மாதப் பெண் குழந்தை. குழந்தைக்கு முதல் முடி இறக்க வேண்டும். சந்திரா பூக்காவடி எடுக்க வேண்டும். இரண்டும் மாமியார் ரத்தினம்மாளின் வேண்டுதல். ரத்தினம்மாள் வீட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டுதான் நுழைந்தாள்.

"உங்க அக்காளை இன்னான்னு கேளு தமயந்தி. பேட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செருப்பு போட்டுகினு வந்தா. பஸ்ல ஏறும்போது பாத்தா ஒண்ணு காணோம். இது நாலாவது ஜோடி. கால்ல இருந்து செருப்பு கழண்டு போறதுகூடத் தெரியாத பொம்பளைய நான் இப்பத்தான் பாக்கறேன்."

"எப்பிடிக்கா?" என்று தமயந்தி சிரித்தாள்.

சந்திராவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

*

மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். அன்றைக்கு ஒரு படியிலும் கல் தெரியவில்லை; தலைகள்தான் தெரிந்தன. காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு சந்திரா முன்னால் ஏறினாள். ஒரு பக்கம் ரத்தினம்மாள், மறுபக்கம் குழந்தையோடு மணவாளன். தமயந்தி பின்னால். படியெல்லாம் குங்குமமும் மிதிபட்ட சாமந்தியும் சிதறிய பாலும்.

நூறு படி தாண்டியிருப்பார்கள். தமயந்தி குனிந்து பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்தபோது, காலடியில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது. குங்குமம் என்று நினைத்தாள். அடுத்த படியில் இல்லை. அதற்கடுத்த படியில் இருந்தது. அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு படியில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி.

குங்குமம் ஈரமாக இருக்காது.

நிமிர்ந்து பார்த்தாள். சந்திராவின் இடது கால் மேலே எழும்போதெல்லாம் உள்ளங்காலில் ஏதோ மின்னியது. சோடா பாட்டில் கண்ணாடி. கட்டைவிரல் நீளத்துக்கு உள்ளே போயிருந்தது. அந்தக் காலைத்தான் சந்திரா ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். நொண்டவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

"அக்கா. நில்லு. கால்ல கண்ணாடி."

சந்திரா திரும்பினாள். "எங்கே?"

அந்த "எங்கே"யைக் கேட்டதும் தமயந்தி அக்காளின் முகத்தையே பார்த்தாள்.

மணவாளன் குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டான். இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். கண்ணாடி வெளியே வந்தது. ரத்தம் குபுகுபுவென்று படியில் இறங்கியது. சந்திரா முகம் சுளிக்கவில்லை. யாரோ வேறொருத்தியின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வலி இல்லை, இருந்தது பயம். தமயந்தி ஒருத்திதான் அதைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா," என்று ரத்தினம்மாள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "இத்தினி பெரிய கண்ணாடி. என் மருமவளுக்குத் தெரியவே இல்ல. முருகன் தாங்கிகினான். சாமி இருக்குது இவ மேல."

கேட்டவர்கள் கை கூப்பினார்கள். ஒரு கிழவர் விபூதி எடுத்துச் சந்திராவின் நெற்றியில் பூசினார். தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி படியில் விழுந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அரோகரா என்று குரல் எழும்பி மேலே மேலே போனது.

தமயந்தியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தை, இது சாமி இல்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, தாவணி முந்தியைக் கிழித்து அக்காளின் காலில் கட்டினாள்.

"கீழ குளத்தாண்ட ஆஸ்பத்திரிக் கூடாரம் போட்டிருக்காங்க அத்தை. போயிட்டு வந்துடலாம்."

"காவடியப் பாதியில எறக்கறதா? தரிசனம் முடியட்டும்."

முடிய நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த நாலு மணி நேரமும் தமயந்தி சாமியைப் பார்க்கவில்லை, அக்காளைப் பார்த்தாள். வரிசையில் நிற்கும்போது, நெரிசலில் தெரியாமல் படுகிறதுபோல, தன் குதிகாலை அக்காளின் வலது கால் விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

"ஏண்டி மிதிக்கறே?"

சற்றுப் பொறுத்து இடது காலை மிதித்தாள். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு மிதித்தாள். சந்திரா முன்னால் நின்றவளின் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு முடி இறக்கினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அழுகிற குழந்தையைச் சந்திராவின் மடியில் வைத்தார்கள். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகை நிற்கும்வரை ஆட்டினாள். நின்ற பிறகும் ஆட்டினாள்.

*

சரவணப் பொய்கை ஓரம் போட்டிருந்த கூடாரத்தில் வரிசை நீண்டிருந்தது. மயக்கம் போட்டவர்கள், வாந்தி எடுத்தவர்கள், அலகு குத்திய இடம் வீங்கியவர்கள். டாக்டர் ஆனந்தனுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார். மணவாளன் டீ வாங்கப் போயிருந்தான். ரத்தினம்மாள் குழந்தையோடு கூடாரத் துணிக்கு வெளியே, இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் மருமகளின் காலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள் தமயந்தி தாழ்ந்த குரலில். "கண்ணாடி குத்தினது இவங்களுக்குத் தெரியல."

"கூட்டத்துல தெரியாது. அடுத்தது யாரு?"

"புடுங்கும்போதும் தெரியல சார்."

பஞ்சை நனைத்துக்கொண்டிருந்த கை நின்றது. டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து ஒருவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து திரைத் துணியை இழுத்துவிட்டார்.

சந்திராவைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து நூலாக்கி, வலது காலில் தொட்டார். "தொடறது தெரிஞ்சா சொல்லும்மா." "ஆங்." இன்னொரு இடம். "ஆங்." இடது காலில் தொட்டார். சந்திரா காத்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளங்காலில் தொட்டார், கணுக்காலில் தொட்டார், ஊசி முனையால் தொட்டார். கண்ணை மூடியபடி சந்திரா அடுத்த தொடுகைக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள்.

புடவையைச் சற்று உயர்த்தச் சொன்னார். ஆடுசதையில், உள்ளங்கை அகலத்துக்கு, நிறம் வெளுத்த ஒரு படை. மேலே அப்பியிருந்த மஞ்சள் வியர்வையில் கரைந்து அதைக் காட்டிக்கொடுத்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தி ஒரு நரம்பை உருட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் வாயைத் திறந்தார்.

"இது வந்து..."

"சார்." தமயந்தி அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய அவங்க மாமியார் இருக்காங்க."

துணிக்கு அந்தப் பக்கம் ரத்தினம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது. அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, தொழுநோய் என்ற சொல்லைத் தவிர்த்து, ஆங்கிலத்தில் அதன் இன்னொரு பெயரை மட்டும் சொன்னார். சந்திராவுக்கு அது புரியவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"இங்க பாரும்மா," என்று டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். "இது ஆரம்பம். மாத்திரை இருக்கு. விடாம சாப்பிட்டா போயிடும். வெரல் போகாது, மூஞ்சி மாறாது. வருஷக்கணக்குல சாப்பிடணும், அதான் ஒண்ணு. விட்டுட்டா அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது. நாளைக்கு வியாழக்கிழமை. இங்க அரசாங்க ஆஸ்பத்திரியில இதுக்குன்னு ஒருத்தர் வருவார், காலையில எட்டு மணிக்கு. வாரத்துல அந்த ஒரு நாள்தான். வீட்டுல இருக்கற எல்லாரையும் ஒரு தடவை பாக்கணும். கொழந்தையையும்."

சீட்டு எழுதி, நாலாக மடித்து, தமயந்தியிடம் கொடுத்தார். வரிசையில் யாரோ சத்தம் போட, திரையை விலக்கிவிட்டு அங்கே போனார்.

*

கூடாரத்துக்குப் பின்னால், குளத்தின் கடைசிப் படிக்கட்டில் ஆள் குறைவாக இருந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டிச் சந்திரா உட்கார்ந்தாள். "கால் கழுவிட்டு வர்றோம்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அதிக நேரம் இல்லை.

"எத்தினி நாளாக்கா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கொழந்தை வயித்துல வர்றதுக்கு முன்னாடியே. தேமல்னு நெனச்சேன்." சற்று நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "இல்ல. தேமல்னு நெனச்சிகினேன்."

"மணவாளன் பாவாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. தெரியவும் வாணாம். அந்தச் சீட்டக் கிழிச்சிப் போடு தமா."

"மாத்திரை இருக்குதுன்னு சொன்னாரே, கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். வீட்டுல எல்லாரையும் பாக்கணும்னு சொன்னாரே, அதையும் கேட்டேன். எங்க மாமியாரக் கொண்டாந்து வரிசையில நிக்கவெக்கறியா? இன்னிக்கு என்னை சாமின்றாங்க. நாளைக்குத் தட்டத் தனியா வெப்பாங்க. அதுகூடப் பரவால்ல. புள்ளைய என் கையில குடுக்கமாட்டாங்க. அவ இன்னும் பால் குடிக்கறா."

தமயந்தி சீட்டைக் கிழிக்கவில்லை. கசங்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம தெருக் கோடியில பத்மான்னு ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்குதா?"

"பூக்கடைக்காரர் பொண்ணு. ஊர விட்டுப் பூட்டாங்களே."

"ஏன் பூட்டாங்க?"

"கடன்னு சொன்னாங்க."

"கடன் இல்லக்கா." இதுவரை ஒருவரிடமும் சொல்லாததை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். "ஆறாங் கிளாஸ்ல ஸ்கூலுக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்தாரு, கூட ஒரு நர்ஸ் அக்கா. பொண்ணுங்களை வரிசையா நிக்கவெச்சி, ரூமுக்குள்ள கூப்டு முதுகப் பாத்தாங்க. பத்மா எனக்கு முன்னாடி. அந்தக்கா கோழி எறகால தொட்டு, தொட்ட எடத்த வெரலால காட்டுன்னாங்க. இவ காட்டல. நான் வெளையாட்டுன்னு நெனச்சிகினேன். அவங்க தொட்டாங்க டீச்சர், இவளுக்குத் தெரியவே இல்லன்னு கத்திச் சிரிச்சேன். எல்லாரும் கேட்டாங்க. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். எதிர் வீட்டுல சொன்னேன். தண்ணி எடுக்க வந்தவங்ககிட்ட எல்லாம் நடிச்சிக் காட்டினேன்."

சந்திரா திரும்பிப் பார்த்தாள்.

"மறுநாள் அவ பெஞ்சில யாரும் உக்காரல. நானும் உக்காரல. அவங்கப்பா மலையடிவாரத்துல கடை வெச்சிருந்தாரே, சாமிக்குப் போற பூவுன்னு ஒருத்தரும் அவர்கிட்ட வாங்கல. பத்து நாள்ல வீடு பூட்டிக் கெடந்தது. நகரிப் பக்கம் போனாங்கன்னாங்க, புத்தூர்னாங்க. பதினோராவது நாள் அந்த இன்ஸ்பெக்டர் சைக்கிள்ல வந்தாரு. கையில மாத்திரை சீசா. நான்தான் வாசல்ல நின்னுகினு இருந்தேன். எங்க பாப்பா இவங்கன்னு என்னைக் கேட்டாரு. பூட்டாங்க சார்னேன். பூட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, இதத் தின்னா போயிருக்குமேன்னு சொன்னாரு. என்கிட்ட சொல்லல, தனக்குத்தானே சொல்லிகினாரு. சீசாவத் திரும்பப் பையில போட்டுகினு போயிட்டாரு."

குளத்தில் யாரோ முங்கி எழுந்து முருகா என்றார்கள்.

"அவளுக்கு நோய் எப்பிடி வந்துச்சோ எனக்குத் தெரியாது. மருந்து கெடைக்காமப் போனது என்னாலதான். அன்னிக்கு ராத்திரியே தோணிச்சு. அந்த சீசாவ வெச்சிகினு இருக்கற ஆளா ஆவணும்னு. வீட்டப் பூட்டறதுக்கு முன்னாடி போய் நிக்கற ஆளா."

"அப்ப அம்மாவுக்காக இல்லியா நீ படிக்கறது?"

"அம்மா அப்பறம்தான்க்கா போனாங்க. நைனாகிட்ட எப்பிடிச் சொல்றது?"

சந்திரா காலை இழுத்து மடக்கிக்கொண்டாள். கட்டில் கசிந்திருந்த ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரி. வரேன்," என்றாள் கடைசியில். "தையல் போடணும்னு சொன்னாங்கன்னு அத்தைகிட்ட ஏதாவது சொல்லிட்டு வரேன். ஆனா ஒண்ணு. நீ கூட வரணும். நான் தனியா அந்த வரிசையில நிக்கமாட்டேன். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு எதிர்ல வந்தா அப்பிடியே திரும்பி ஓடிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தானே வியாழக்கிழமை."

சென்னை ரயில் ஆறு ஐம்பதுக்கு. நேர்முகம் பதினோரு மணிக்கு. ஆஸ்பத்திரிக் கதவு திறப்பது எட்டு மணிக்கு. தமயந்தியின் மனத்தில் இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று மோதின. அடுத்த வியாழன் போகலாமே என்று சொல்லத் தோன்றியது. இரண்டு வருஷம் மறைத்தவள் ஒரு வாரம் கழித்து வருவாளா? அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடலாமா? நைனாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த நேரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

சந்திரா எழுந்து புடவையை உதறினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீ போ தமா. போய் டாக்டராயிட்டு வா. அப்பறமா என்னை வந்து பாரு."

*

மூன்றரை மணிக்குப் பொதட்டூர்பேட்டை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே மொட்டைத் தலைகளும் பிரசாதப் பொட்டலங்களும் நிறைந்திருந்தன. ரத்தினம்மாள் தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் இடம் பிடித்துவிட்டாள். பஸ்ஸிலும் அந்தக் கண்ணாடிக் கதை ஆரம்பமாகிவிட்டது. பின்னால் நாலு வரிசை தள்ளிச் சந்திராவும் மணவாளனும்.

தமயந்தி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மணவாளனுக்குக் கேட்காதபடி, வேகமாகச் சொன்னாள்.

"எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். நீ வந்தாலும் நிக்கறேன், வராட்டியும் நிக்கறேன். பட்டணம் போவல."

சந்திரா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். பஸ் நகர்ந்தது.

சொல்லிவிட்டோம் என்றதும் தமயந்திக்கு நிம்மதி வரவில்லை. நைனா ஆறு மணி ரயிலில் வந்து இறங்குவார். சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, இன்னொரு வாட்டி சொல்லு என்பார். அவள் பஸ் போன திசையைப் பார்த்தபடியே நின்றாள். காவடிக் கூட்டம் சாலையை மறித்திருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போனது. பின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. அதில் ஒன்று மற்றதன் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே இருந்தது. மற்ற தலை அசையவில்லை.

சொல்கிறாள். தமயந்தி இரண்டடி முன்னால் போனாள்.

அசையாத தலை சட்டென்று எழுந்தது. பஸ் நின்றது. மணவாளன் இறங்கினான். அவன் மட்டும்தான் இறங்கினான். கூட்டத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு, நேராக அவளை நோக்கி நடந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது. எதிரே வந்து நின்றான்.

"சொல்லிட்டா," என்றான்.

தமயந்தி தலையாட்டினாள்.

"நெஜமா?"

"நெஜம்தான் பாவா. ஆரம்பம்தான். மாத்திரை சாப்ட்டா போயிடும்னு டாக்டர் சொல்றாரு. நான் என் காதால கேட்டேன்."

"கொழந்தைக்கு?"

"பாக்கணும்னு சொன்னாரு. பயம் இல்ல, பாத்துடணும்னு."

அவன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். அவன் தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்னாடா ஆச்சு என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான். மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்தான். ஒரு தடவை துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தான்.

"அந்தச் சீட்டக் குடு."

ஒரு கணம் அவளுக்குக் கை வரவில்லை. பிறகு கொடுத்தாள். அவன் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நீ பட்டணம் போ," என்றான். "அவளைக் காலைல நானே கூட்டிகினு வரேன்."

"ஆஸ்பத்திரிக்குத்தானே பாவா?"

விசில் மறுபடியும் ஊதியது. மணவாளன் ஓடினான். நகரத் தொடங்கிய பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டு உள்ளே போனான். அவள் கேட்டது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சந்திராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தானா, தாயின் பக்கத்தில் போய் நின்றானா, அதுவும் தெரியவில்லை. அதற்குள் ஒரு காவடிக் கூட்டம் ஆடிக்கொண்டு நடுவே வந்துவிட்டது.

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லவில்லை. பெண்டாட்டியை வேண்டாமென்று பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிறவனும் இதே வார்த்தையைத்தான் சொல்வான்.

சாலையில் மயிலிறகும் மஞ்சள் துணியும் சுழன்றுகொண்டு போக, கையில் சீட்டும் இல்லாமல் தமயந்தி நின்றிருந்தாள்.